ஒக்கி 2017: கடலில் இருந்தவர்களின் பட்டியல் யாரிடம் இருந்தது?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் படித்தால் யார் எதற்குப் பொறுப்பு என்பதில் பெரிய குழப்பம் வராது. தேசிய அளவில் பிரதமர் தலைமையில் ஓர் ஆணையம், மாநிலத்தில் முதல்வர் தலைமையில் ஒன்று, மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் ஒன்று. மக்களைக் காப்பதும் நிவாரணம் கொடுப்பதும் முதன்மையாக மாநில அரசின் வேலை. ஆள், கப்பல், விமானம், பணம் என்று கைகொடுப்பது மத்திய அரசின் வேலை. புயல் என்றால் டெல்லியில் ஒருங்கிணைப்பது உள்துறை அமைச்சகம். நெருக்கடி முற்றினால் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் தேசிய நெருக்கடி மேலாண்மைக் குழு கூடும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. ஆபத்தில் இருப்பவர் ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு தெருவில் இருக்கிறார். கிராம நிர்வாக அலுவலர் போய்க் கதவைத் தட்டினால் திறப்பார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் அப்படி இருக்கவில்லை. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, தூண்டிலும் வலையுமாக ஆழ்கடலில் இருந்தார்கள்.

வானிலை மையம் தாமதித்ததா, கடற்படை சரியாகத் தேடவில்லையா என்ற சண்டைகள் அப்போதே நிறைய நடந்துவிட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அன்று கடலில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலை வைத்திருப்பது எந்தத் துறையின் வேலையாகவும் இருக்கவில்லை. எச்சரிக்கை, தேடல், கணக்கெடுப்பு, இழப்பீடு ஆகிய நான்கும் போய் முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

புயல் எடுத்துக்கொண்ட நேரம்

நவம்பர் 28 அன்று தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இருந்தது. 29 முற்பகலில் இலங்கையின் தென்கிழக்குக் கரையருகே அது தாழ்வு மண்டலமானது. அன்றே இலங்கையைத் தாண்டி இரவில் குமரிக் கடலுக்குள் வந்துவிட்டது. 30 அதிகாலையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அன்று முற்பகலிலேயே புயல். அதாவது தாழ்வு மண்டலம் புயலாக மாற ஒரு நாள்தான் எடுத்துக்கொண்டது. டிசம்பர் 1-ஆம் தேதி லட்சத்தீவுப் பக்கம் போய் அதி தீவிரப் புயலானது. உச்சத்தில் காற்று மணிக்கு 150 முதல் 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அப்புறம் அரபிக் கடலில் வடக்கே திரும்பி, வலுவிழந்து, டிசம்பர் 5 இரவு சூரத் அருகே குஜராத் கரையை அடைந்தது.

கன்னியாகுமரியில் ஒக்கி கரை கடக்கவே இல்லை. மாவட்டத்துக்குத் தெற்கே கடலோடு கடலாகப் போனது. அதன் ஓரக்காற்று பட்டே மாவட்டம் சின்னாபின்னமானது.

நம் புயல் எச்சரிக்கை முறை கரை கடக்கும் நேரத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணுவது. கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது ஓர் அறிவிப்பு, 24 மணி நேரம் இருக்கும்போது அடுத்தது, 12 மணி நேரத்துக்கு முன் இன்னொன்று. ஒடிசா, ஆந்திரா, வட தமிழகக் கரைகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது. வங்கக் கடலின் நடுவில் உருவாகும் புயல் கரைக்கு வரும் முன் மூன்று நான்கு நாள் அவகாசம் கொடுக்கும். மக்களை முகாமுக்கு மாற்றலாம். ஒரே நாளில் உருவாகி, கரையைத் தொடாமல் போகும் புயலுக்கு இந்தக் கடிகாரத்தில் இடமே இல்லை.

30-ஆம் தேதி நண்பகல் வாக்கில்தான் புயல் என்று சொல்லும் அறிக்கை எங்கள் கைக்கு வந்தது என்றது கேரள அரசு. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று 29-ஆம் தேதியே சொல்லிவிட்டோமே என்றது வானிலைத் துறை. இரண்டு பேரும் சொன்னது பொய்யில்லை. தாழ்வு மண்டலம் என்று வரும் அறிக்கை ஓர் அலுவலகத்தை அசைக்கும் அளவும், புயல் என்று வரும் அறிக்கை அசைக்கும் அளவும் வேறு வேறு. முந்தையது வழக்கமான கோப்பில் சேரும். பிந்தையதற்குக் கட்டுப்பாட்டு அறையில் ஆள் உட்காருவார்கள்.

அப்போது கேரளத்துக்கான புயல் எச்சரிக்கையையும் சென்னையில் இருந்த மண்டலப் புயல் எச்சரிக்கை மையம்தான் கவனித்துவந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"கடலுக்குப் போக வேண்டாம்", ஆனால் ஏற்கெனவே போனவர்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடியில் தொடங்கி வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். ஆழ்கடல் மீன்பிடிப்பில் இந்தியாவிலேயே பேர்போன ஊர்கள் இவை. சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிளம்புவார்கள், கொச்சியிலிருந்தும் கிளம்புவார்கள். கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரம் வரை போவார்கள். படகு கேரளத்தில் பதிவாகியிருக்கும், ஓட்டுபவர் குமரி மாவட்டக்காரராக இருப்பார், வேலைக்கு வட மாநிலத்திலிருந்து வந்த பையன்களும் இருப்பார்கள்.

எச்சரிக்கை போகும் வழியைப் பாருங்கள். வானிலை மையத்திலிருந்து மாநிலக் கட்டுப்பாட்டு அறை, அங்கிருந்து ஆட்சியர், அவரிடமிருந்து மீன்வளத் துறை, அங்கிருந்து ஊர். ஊரில் கோயில் (தேவாலய) ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். சங்கிலி அங்கே முடிந்தது. கரையில் நிற்பவர் காதில் விழும். பத்து நாளைக்கு முன்பே கிளம்பிப் போனவருக்கு விழாது. படகில் இருக்கும் வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும். சேட்டிலைட் போன் வைத்துக்கொள்ளப் பாதுகாப்புக் காரணங்களால் கட்டுப்பாடு. ஒரு படகு இன்னொரு படகுக்குச் சொல்லி, அது அடுத்த படகுக்குச் சொல்லி என்று தகவல் போனால் உண்டு.

சட்டப்படி இது யாருடைய பொறுப்பு? கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம். அதற்கு அப்பால் மத்திய அரசு. ஆனால் அந்த 12 மைலைத் தாண்டிப் போகும் படகைப் பதிவு செய்வது மாநில மீன்வளத் துறை. மத்தியில் மீன்வளத்துக்கு அன்று தனி அமைச்சகம்கூட இல்லை. வேளாண் அமைச்சகத்தில் கால்நடை, பால்வளத்தோடு சேர்ந்த ஒரு துறையாக இருந்தது. வானிலை புவி அறிவியல் அமைச்சகத்தில். கடலில் தேடி மீட்பதை ஒருங்கிணைப்பது கடலோரக் காவல் படை. அது பாதுகாப்பு அமைச்சகத்தில். ஒவ்வொரு துறைக்கும் தன் துண்டு நன்றாகத் தெரியும். 29-ஆம் தேதி இரவு, "தூத்தூரிலிருந்து போன படகுகள் இப்போது எங்கே, அதில் எத்தனை பேர்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய நாற்காலி மட்டும் எங்கும் போடப்பட்டிருக்கவில்லை.

தேடல்

தேடலில் காலம் போகப் போக என்ன ஆகிறது என்பதை ஒரு சின்னக் கணக்குச் சொல்லும். இன்ஜின் நின்ற படகு எந்தத் திசையில் என்று தெரியாமல் மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் இழுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் அது கடைசியாக இருந்த இடத்தைச் சுற்றி 48 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 25,000 சதுர கிலோமீட்டர். இரண்டாம் நாள் முடிவில் அது நாலு மடங்காகி ஒரு லட்சத்தைத் தொடும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 லட்சம்தான். இத்தனையும் படகு கடைசியாக எங்கே இருந்தது என்று தெரிந்தால். தெரியாவிட்டால் வட்டத்தின் மையத்தையே ஊகிக்க வேண்டும்.

கடலோரக் காவல் படை, கடற்படை, விமானப்படை என்று மூன்றும் இறங்கின. அந்த வழியே போன வணிகக் கப்பல்களும் ஆட்களை மீட்டன. கருவிக்குக் குறைவில்லை. கடலோரக் காவல் படையின் நிர்வாகப் பிரிவில் தமிழ்நாடு கிழக்கு மண்டலம், கேரளம் மேற்கு மண்டலம்; சிக்கிய படகுகளோ எந்த மாநிலத்தினுடையதானாலும் மேற்கே கிடந்தன. தேடுகிற இடம் தப்பு என்று கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பாரில் (மீன் சேரும் கடலடிப் பாறைத் திட்டில்) எந்த ஊர்ப் படகு நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த விஷயம். கேரளத்தின் பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் சிலர் பொறுக்காமல் சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார்கள். பிறகுதான் கடற்படைக் கப்பல்களில் மீனவர்களையும் வழிகாட்ட ஏற்றிக்கொண்டார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. எந்தத் துறையின் வழிமுறைக் கையேட்டிலும் இல்லாததால் கோபம் கிளம்பிய பிறகுதான் நடந்தது.

இன்னொன்று. மீட்கப் போன கப்பல்களிடம் சிலர் வர மறுத்தார்கள். உணவும் தண்ணீரும் கொடுங்கள், படகை விட்டு வரமாட்டோம் என்றார்கள். உயிரைவிடப் படகு பெரிதா என்று டிவியில் பார்ப்பவர் கேட்கலாம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் அன்றைய விதிப்படி முழுக்க அழிந்த படகுக்கு 9,600 ரூபாய், வலைக்கு 2,600 ரூபாய். பழுதான படகுக்கு 4,100. ஆழ்கடல் விசைப்படகு பல லட்சம் ரூபாய்ச் சொத்து, பெரும்பாலும் கடனில் வாங்கியது. நிவாரண விதி எழுதியவர்கள் மனதில் கட்டுமரமும் சிறு வள்ளமும் இருந்திருக்கின்றன. இப்படி, டெல்லியில் நிதிப்பிரிவு எழுதிய ஒரு வரி, நடுக்கடலில் ஒருவர் கயிற்றைப் பிடித்து ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் நேரத்தில் குறுக்கே வந்து நின்றது.

டிசம்பர் 2-ஆம் தேதி ஒரு நல்ல செய்தி வந்தது. மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் 68 படகுகளில் 952 மீனவர்கள் பத்திரமாக ஒதுங்கியிருக்கிறார்கள் என்று அந்த மாநில முதல்வர் அறிவித்தார். அவற்றில் 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள். பதிவு எண்ணை வைத்துச் சொன்ன கணக்கு இது. கேரளப் பதிவுப் படகில் இருக்கும் சின்னத்துறை ஆளைத் தமிழ்நாடு தன் கணக்கில் காணாமல் போனவராகவே வைத்திருக்கும், அவரே வீட்டுக்கு போன் பண்ணும் வரை.

எத்தனை பேர்?

நாட்கள் ஓடின. எண்ணிக்கையில் மட்டும் யாரும் ஒத்துப்போகவில்லை. பங்குத்தந்தைகள் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியல் ஒன்று, வருவாய்த் துறையினுடையது ஒன்று, மீன்வளத் துறையினுடையது ஒன்று. காவல் நிலையத்தில் பதிவான புகார்கள் தனி.

பட்டியல் போடுவது வெளியிலிருந்து பார்க்க எளிது. பெயர், தகப்பன் பெயர், ஊர், படகு, பதிவு எண், கிளம்பிய துறைமுகம், தேதி. இதில் ஒவ்வொரு கட்டமும் வழுக்கும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். படகுகளுக்குப் புனிதர்கள் பெயரும் மாதா பெயரும் வைப்பது வழக்கம் என்பதால் அதுவும் ஒன்றுபோலவே வரும். மனைவிக்குப் படகின் பெயர் தெரியும், பதிவு எண் தெரியாது. கொச்சியில் கடைசி நேரத்தில் ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர் இரண்டு பட்டியலிலும் இருப்பார், அல்லது எதிலுமே இருக்க மாட்டார். வெளிமாநிலப் பையன்களுக்காகக் கேட்க ஊரில் ஆளே இல்லை. இந்த விஷயத்தில் கோயில் பட்டியல்தான் அரசுப் பட்டியலைவிட நம்பகமாக இருந்தது என்பது என் கருத்து. ஆளைத் தெரிந்தவர்கள் எழுதியது அது.

டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடலை நிறுத்தாதே என்பது முக்கியக் கோரிக்கை. 12-ஆம் தேதி தமிழக முதல்வர் வந்தார், 19-ஆம் தேதி பிரதமர் வந்தார். டிசம்பர் கடைசி வாரத்தில் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கில் காணாமல் போனவர்கள் 661. அதில் தமிழ்நாடு 400, கேரளம் 261. மீட்கப்பட்டவர்கள் 845 பேர். காணாமல் போனவர்களின் எண் பின்னர் கணிசமாகக் குறைந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரை திரும்பின, இரட்டைப் பதிவுகள் நீங்கின. அதாவது புயல் கடந்து ஒரு மாதம் ஆன பிறகும், தேடப்படுபவர்களில் எத்தனை பேர் உண்மையில் கடலில் இருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. தேடுபவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசியுங்கள்.

நிலத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே ஏற்பாடு பெரும்பாலும் ஓடியது. கம்பங்கள் சாய்ந்து மாவட்டம் இருட்டில் கிடந்தது; மின்வாரியம் வெளி மாவட்ட ஊழியர்களைக் கொண்டுவந்து வேலை பார்த்தது. ரப்பரும் வாழையும் பெருமளவு போயின. பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்பது விதி. புதிதாக நட்ட ரப்பர் மரத்தில் பால் எடுக்க ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். இங்கும் குறை உண்டு, ஆனால் விழுந்த மரத்தை எண்ண ஒரு கிராம நிர்வாக அலுவலர் இருந்தார்.

உடல் கிடைக்காத மரணம்

கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவர் இறந்தவர் இல்லை. ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது அன்றைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. இறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் நிவாரணம் இல்லை, காப்பீடு இல்லை, விதவை உதவித்தொகை இல்லை, வங்கிக் கணக்கில் கைவைக்க முடியாது. ஏழு ஆண்டு.

இதற்கு முன்மாதிரிகள் இருந்தன. 2004 சுனாமிக்கும் 2013 உத்தராகண்ட் வெள்ளத்துக்கும் பிறகு, காவல் துறைப் புகார், வருவாய்த் துறை விசாரணை, ஆட்சேபணைக்கு அவகாசம் என்று ஒரு குறுக்குவழி வகுத்து, காணாமல் போனவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒக்கியிலும் இரண்டு மாநிலங்களும் ஏழு ஆண்டுக் காத்திருப்பைத் தளர்த்தின. இரண்டிலுமே குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பேரிடர் நிதி விதிப்படி கிடைத்திருக்கக்கூடியது 4 லட்சம்தான். போராட்டமும், பக்கத்து மாநிலம் என்ன கொடுக்கிறது என்ற ஒப்பீடும் இல்லாமல் தொகை அந்த அளவுக்கு ஏறியிருக்காது.

விசாரணையில் கேட்கப்படும் முதல் கேள்வி, இவர் அன்று அந்தப் படகில்தான் இருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? அரசிடம் இருந்திருக்க வேண்டிய பதிவை, கணவனை இழந்தவள் கொண்டுவர வேண்டியிருந்தது.

மாநிலங்களுக்கு வந்த பணத்தின் பாதை வேறு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25. அது போதாதென்றால் மாநிலம் மனு அனுப்ப வேண்டும், பல அமைச்சக அதிகாரிகள் கொண்ட மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும், பிறகு உயர்மட்டக் குழு முடிவெடுக்கும். பிரதமர் வந்தபோது தமிழ்நாடு, கேரளம், லட்சத்தீவு மூன்றுக்கும் சேர்த்து 325 கோடி அறிவிக்கப்பட்டது. உயர்மட்டக் குழு பின்னர் தமிழ்நாட்டுக்கு 133.05 கோடியும் கேரளத்துக்கு 169.63 கோடியும் ஒப்புக்கொண்டது. மாநிலங்கள் கேட்டது ஆயிரக்கணக்கான கோடிகளில். "தேசியப் பேரிடராக அறிவி" என்ற முழக்கமும் வழக்கம்போல் எழுந்தது. சட்டத்தில் அப்படி ஓர் அறிவிப்புக்கு இடமே இல்லை. ஒவ்வொரு பேரிடரிலும் கட்சிகள் இதைக் கேட்பதும், மத்திய அரசு விதியைக் காட்டுவதும் சடங்காகிவிட்டது.

அதன் பிறகு

சில ஓட்டைகள் அடைக்கப்பட்டன. 2018-இல் திருவனந்தபுரத்தில் தனிப் புயல் எச்சரிக்கை மையம் வந்தது. 2019-இல் மத்தியில் மீன்வளத்துக்குத் தனித் துறையும், வேளாண் அமைச்சகத்திலிருந்து பிரிந்து மீன்வளம், கால்நடை, பால்வளம் மூன்றுக்கும் சேர்ந்த ஓர் அமைச்சகமும் வந்தன. அதே ஆண்டு, செல்போன் கோபுரம் எட்டாத கடலிலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கே கொண்டுசேர்க்கும் 'ஜெமினி' கருவி அறிமுகமானது. அடுத்து, ஒரு லட்சம் படகுகளில், இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தும் திட்டம் வந்தது. படகு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இப்போது 2017-ஐவிட எவ்வளவோ நல்ல பதில் கிடைக்கும்.

ஆனால் கருவி படகோடு கட்டப்பட்டது, உரிமையாளர் பெயரில் பதிவாவது. ஆட்கள் ஒவ்வொரு தங்கலுக்கும் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணத்துக்கும்) மாறுவார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் கிளம்பும் படகு கொச்சியில் இரண்டு பேரை இறக்கி மூன்று பேரை ஏற்றினால், அதைக் கேரள மீன்வளத் துறை குறிக்க வேண்டுமா, தமிழ்நாட்டுத் துறையா, உரிமையாளரா? என்னைக் கேட்டால் கிளம்பும் துறைமுகத்தில் இருக்கும் மீன்வளத் துறை அதிகாரிதான். அவர் எழுதும் ஆள்பட்டியல் அன்றே மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: ஆட்களின் சொந்த மாவட்ட ஆட்சியருக்கு, கடலோரக் காவல் படையின் மீட்பு மையத்துக்கு, ஊர்ப் பங்குத்தந்தைக்கோ மீனவர் சங்கத்துக்கோ. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை; இரண்டு மாநில மீன்வளத் துறைகளும் உட்கார்ந்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.